கடைசியாக நட்டை முடுக்கியவர் யார்?

‘ஓடும் பேருந்தின் பின்சக்கரம் கழன்று ஓடியது, ஓட்டுநரின் சாமர்த்தியத்தால் பயணிகள் உயிர் தப்பினர்.’ இந்தச் செய்தியைப் படிக்காத தமிழ் நாளிதழ் வாசகர் இருக்க மாட்டார். ஊர்ப் பெயரும் தடம் எண்ணும்தான் மாறும். ஒருபக்கம் சாய்ந்து நிற்கும் பேருந்தின் படம், சாலையோரப் பள்ளத்தில் கிடக்கும் சக்கரத்தின் படம், ‘போலீஸார் விசாரித்துவருகின்றனர்’ என்ற கடைசி வரி. அத்தோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தச் சக்கரத்தைக் கடைசியாக எப்போது கழற்றி மாட்டினார்கள், மாட்டியவர் எந்தக் கருவியால் நட்டுகளை முடுக்கினார், பிறகு ஒருமுறையாவது யாராவது சரிபார்த்தார்களா? இவற்றுக்குப் பதில் சொல்லும் செய்தியை நான் படித்ததில்லை.

இந்தக் கேள்விகளைக் கேட்காமல் விடுவதால்தான் அதே செய்தி திரும்பத் திரும்ப வருகிறது என்பது என் கருத்து. சக்கரம் ஒரு நொடியில் கழல்வதில்லை. நட்டு தளர்ந்து, சக்கரம் ஆடத் தொடங்கி, போல்ட்டுகள் ஒவ்வொன்றாக ஒடிந்து, மிச்சமிருப்பதும் போன பிறகே அது வண்டியை விட்டுப் போகிறது. இதற்குப் பல மணி நேரமாகலாம், பல நாட்களும் ஆகலாம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் லாரிச் சக்கரங்கள் கழல்வது பற்றி 1992இல் ஒரு தனி அறிக்கை வெளியிட்டது. நட்டுகளைச் சரியாக முடுக்காததும் பேரிங் கெட்டுப்போவதுமே முக்கியக் காரணங்கள் என்றும், இரண்டுமே பராமரிப்புக் குறையால் வருபவை என்றும் அது சொன்னது. பேரிங் கதை தனி. நட்டின் கதை, ஒருவர் கையில் ஸ்பேனர் இருக்கும் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது.

டயரும் ரிம்மும் சேர்ந்த ஒரு லாரிச் சக்கரம் ஏறக்குறைய 100 கிலோ இருக்கும். லாரி 80 கி.மீ. வேகத்தில் போகும்போது கழன்றால், சக்கரமும் அதே வேகத்தில்தான் கிளம்பும். 25 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது எட்டு மாடி உச்சியிலிருந்து, கீழே போட்ட பொருள் தரையைத் தொடும் வேகம் இது. ஓட்டுநர் பிரேக் போட்டு வண்டியை நிறுத்திவிடுவார். கழன்ற சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது. அது தன் வண்டியையே முந்திக்கொண்டு ஓடும். நடுத்தடுப்பில் மோதினால் எகிறும். எதிரே வரும் காரின் முன்கண்ணாடியில் இறங்கும். பேருந்துக்குள் இருப்பவர்கள் தப்பித்துவிட்டார்கள் என்று நிம்மதியடையும் நாம், அந்த வண்டியோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல் சாலையோரத்தில் நின்றவரை நினைப்பதில்லை.

பிரிட்டனின் போக்குவரத்து ஆய்வுக்கூடம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஒரு மதிப்பீடு செய்தது. அங்கே கனரக வண்டிகளிலிருந்து ஆண்டுக்கு 150 முதல் 400 சக்கரங்கள் வரை கழல்கின்றன என்றது அது. கழல்பவற்றில் அதிகமானவை இடப்பக்கப் பின்சக்கரங்கள் என்பதையும் அந்நாட்டில் நெடுங்காலமாகக் கவனித்துவந்திருக்கிறார்கள். வலப்பக்கமாகத் திருகினால் இறுகும் வலமரை நட்டு இடப்பக்கச் சக்கரத்தில் தளர்வதற்கு வாய்ப்பு கூடுதல் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. பழைய லாரிகள் பலவற்றில் இடப்பக்கத்துக்கு மட்டும் இடமரை நட்டு வைத்தது இதை நினைத்துத்தான். பிரிட்டனைப்போல நாமும் சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறவர்கள். நம் ஊரில் இடப்பக்கம் என்றால் பேருந்து நிறுத்தம், டீக்கடை, பள்ளிக்கூட வாசல்.

இந்தியாவில் இப்படி எத்தனை? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாடு முழுவதும் 4,61,312 விபத்துகள். 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்து எண்ணிக்கையில் முதலிடம் 64,105 விபத்துகளைக் கண்ட தமிழ்நாட்டுக்கு. அதிவேகம், மதுபோதை, எதிர்த்திசையில் ஓட்டுதல், சிவப்பு விளக்கை மீறுதல், கைப்பேசி என்று அந்த அறிக்கை காரணங்களைப் பிரிக்கிறது. எல்லாமே ஓட்டுநர் செய்யும் தவறுகள். சக்கரம் கழன்ற விபத்துகளுக்கென்று தனி வரி கிடையாது. எண்ணப்படாத ஒன்றுக்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு திறக்க மாட்டார்கள்.

கயிறும் போல்ட்டும்

சக்கரத்தையும் வண்டியின் பாரத்தையும் வீல் போல்ட்டுகள் தாங்குகின்றன என்றே நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் சரியாக முடுக்கிய சக்கரத்தில் போல்ட்டின் மீது வெட்டும் விசை ஏறக்குறைய விழுவதே இல்லை. லாரியில் பாரம் ஏற்றிக் கயிறு கட்டுவதை நினைத்துப் பாருங்கள். இழுத்துக் கட்டிய கயிறு மூட்டைகளை ஒன்றோடொன்று அழுத்திவைக்கிறது. அந்த அழுத்தத்தால் உண்டாகும் உராய்வே பாரத்தைச் சரியவிடாமல் காக்கிறது. கயிறு தொளதொளத்தால் பாரம் நகரும், நகர்ந்தால் கயிறு அறும். போல்ட்டும் அப்படித்தான். நட்டை முடுக்கும்போது எஃகு போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப அது முயல்கிற இழுவிசைதான் ரிம்மை டிரம்மோடு அழுத்திப் பிடிக்கிறது. சிறிய காரின் ஒரு நட்டைச் சரியான அளவுக்கு முடுக்கினால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 4 டன். லாரியில் ஒரு நட்டுக்கு 15 டன்னைத் தாண்டும்.

பாரம் கட்டிய லாரி ஓட்டுநர் ஊரைத் தாண்டியதும் ஓரங்கட்டி, கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். மூட்டைகள் குலுங்கி அமர்ந்ததும் கயிறு தளரும் என்பது அவருக்கு அனுபவம். சக்கரத்திலும் இதே அமர்வு நடக்கிறது. ரிம்முக்கும் டிரம்முக்கும் இடையே துருவோ மண்ணோ பழைய பெயின்டோ இருந்தால், முடுக்கும்போது அதுவும் சேர்ந்து இறுகும். வண்டி ஓட ஓட அது நொறுங்கி உதிரும். போல்ட் நீண்டிருந்த அளவே மிகச் சொற்பம் என்பதால், ஒரு பூச்சின் கனம் உதிர்ந்தாலே பல டன் அழுத்தம் காணாமல் போய்விடும். நட்டு ஒரு சுற்றுகூடத் திரும்பியிருக்காது. ஆனால் பிடி போயிருக்கும்.

இங்கே நம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எஃப்.சி.க்கு வண்டியைக் கொண்டுபோவதற்கு முன்னால் ரிம் உள்பட எல்லாவற்றுக்கும் பெயின்ட் அடிப்போம். ரிம்மின் வெளிமுகத்துக்கு அடிப்பதில் குற்றமில்லை. டிரம்மோடு ஒட்டும் உள்முகத்திலும், நட்டு உட்காரும் இடத்திலும் கெட்டியாகப் பூசி, ஈரம் முழுக்கக் காயுமுன்னே மாட்டிவிடுவது ஆபத்து. வண்டி தகுதியானது என்று சான்று வாங்குவதற்காகச் செய்யும் ஒப்பனையே அதன் சக்கரத்தைத் தளர்த்திவிடக்கூடும். எஃப்.சி. ஆய்வில் வண்டியின் பளபளப்பைப் பார்க்கும் கண், பெயின்ட் அடித்த ரிம்மைக் கழற்றி உள்முகத்தைப் பார்த்தால் நல்லது.

அழுத்தம் குறைந்த பிறகு நடப்பதை கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் சோதித்துக் காட்டினார். இணைந்த இரண்டு பாகங்கள் பக்கவாட்டில் இம்மியளவு வழுக்கத் தொடங்கினாலே, மரையின் பிடி விட்டுப்போய் நட்டு தானாகவே பின்னோக்கிச் சுழலும் என்பது அவருடைய முடிவு. சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் இந்த வழுக்கலை உண்டாக்குகிறது. கூடவே, இதுவரை சீரான இழுவிசையில் இருந்த போல்ட் இப்போது மாறி மாறி வளைகிறது. விரிசல் விடுகிறது, ஒடிகிறது. அதன் சுமையைப் பக்கத்துப் போல்ட் வாங்கிக்கொண்டு அதுவும் ஒடிகிறது. விபத்து நடந்த இடத்தில் ‘போல்ட் ஒடிஞ்சுபோச்சு சார், சரக்கு சரியில்லை’ என்பார்கள். பல நேரங்களில் போல்ட்டின் மேல் தவறு இருக்காது. தளர்ந்த நட்டோடு ஓடவிட்டதால் அது ஒடிந்திருக்கும்.

ஏறி மிதித்தால் போதுமா?

ஸ்பேனரில் பைப்பைச் செருகி, அதன் மேல் ஏறி நின்று மிதிப்பதுதான் நம் சாலையோரங்களில் முடுக்கும் முறை. இதைப் பழிப்பதற்கு முன்னால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மீட்டர் நீளப் பைப்பின் முனையில் நின்றால், நட்டின் மீது விழும் முறுக்கு விசை சுமார் 690 நியூட்டன் மீட்டர். பெரிய லாரி, பேருந்து நட்டுகளுக்குத் தயாரிப்பாளர்கள் கேட்பது பெரும்பாலும் 600ஐ ஒட்டிய அளவு என்பதால், பைப் மிதிப்பு ஏறத்தாழச் சரியான இடத்துக்கு வந்துவிடுகிறது. பைப் இல்லாமல் 60 செ.மீ. ஸ்பேனரை மட்டும் மிதித்தால் 410தான் கிடைக்கும், போதாது. எம்பி எம்பிக் குதித்தால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது.

காரில் கதை தலைகீழ். காரோடு வரும் ஸ்பேனர் சுமார் 25 செ.மீ. நீளம். அதில் அதே 70 கிலோ ஆள் ஏறி நின்றால் 170 நியூட்டன் மீட்டர் விழும். சிறிய, நடுத்தரக் கார்கள் பெரும்பாலும் கேட்பது 85லிருந்து 120 வரைதான். அளவுக்கு மீறி இழுத்த எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பாது. அப்போது நட்டு இறுக்கமாக இருப்பதுபோலத் தோன்றினாலும் போல்ட்டில் உயிர் இருக்காது. கையால் முடுக்கியதே போதுமென்று ஒரு பெண் விட்டுவிட்டால் குறையாகவும், பலசாலி ஒருவர் மிதித்தால் மிகையாகவும் போகிறது என்று சிலர் விளக்குவதுண்டு. பலம் இதில் ஒரு பொருட்டே இல்லை. 40 செ.மீ. நீளக் கைப்பிடியின் முனையில் 25 கிலோ விசை கொடுத்தாலே 100 நியூட்டன் மீட்டர் வந்துவிடும். அதை யாராலும் கொடுக்க முடியும். அந்த அளவு எட்டிவிட்டது என்று சொல்லும் கருவிதான் வேண்டும்.

அந்தக் கருவியின் பெயர் டார்க் ரெஞ்ச். வேண்டிய அளவை வைத்து முடுக்கினால், எட்டியதும் ‘க்ளிக்’ என்று சொல்லிவிடும். கார்களுக்கானது சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. டயர் கடைகளில் இப்போது பரவலாக இருப்பது ஏர் கன். ‘டர்ர்ர்’ என்று நான்கு நொடியில் நட்டு ஏறிவிடும். நேரம் மிச்சம், முதுகுவலி மிச்சம். அந்தத் தொழிலாளியின் முதுகை நினைத்தால் ஏர் கன் வேண்டாமென்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கம்ப்ரஸரில் காற்று குறைந்தால் ஒரு அளவு, நிறைந்தால் ஒரு அளவு என்று முடுக்குவது அது. நட்டை ஓட்டுவதற்கு ஏர் கன், கடைசி முடுக்கத்துக்கு டார்க் ரெஞ்ச் என்று பிரித்துக்கொள்வதே சரி.

டார்க் ரெஞ்சையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. நாம் கொடுக்கும் முறுக்கில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே போல்ட்டை இழுக்கிறது. மீதியெல்லாம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகச் செலவாகிறது. மரை துருப்பிடித்திருந்தால் ‘க்ளிக்’ சத்தம் கேட்கும், அழுத்தம் வந்திருக்காது. எண்ணெய் வழிந்தால் அதே ‘க்ளிக்’குக்குள் போல்ட் அளவுமீறி நீண்டிருக்கும். ஆகவே கம்பி பிரஷ்ஷால் மரையையும் ரிம் முகத்தையும் சுத்தம் செய்வது பாதி வேலை. கூம்பு முனை ரிம்மைப் பார்க்க வேண்டிய நட்டைத் திருப்பி மாட்டிவிடக் கூடாது. பக்கத்துப் பக்கத்து நட்டை முடுக்காமல் எதிரெதிர் நட்டாக முடுக்க வேண்டும். இல்லையென்றால் ரிம் ஒருபக்கம் சாய்ந்து உட்காரும். எல்லாம் முடிந்து 50லிருந்து 150 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். நம் டயர் கடைகளில் அறவே விடுபட்டுப்போவது இந்தக் கடைசி வேலைதான். வாடிக்கையாளர் திரும்பி வருவதில்லை, கடைக்காரரும் வரச் சொல்வதில்லை.

பெரிய நிறுவனத்துக்கும் இது சறுக்கும். டொயோட்டா தன் புதிய மின்சாரக் காரான பிஇசட்4எக்ஸ் வண்டிகளை 2022 ஜூனில் திரும்ப அழைத்தது. விற்பனைக்கு வந்து இரண்டு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. குறைந்த தூரம் ஓடினாலே சக்கர போல்ட்டுகள் தளர்ந்து சக்கரம் கழலக்கூடும் என்று அறிவித்து, சுமார் 2,700 வண்டிகளைச் சாலையில் ஓட்ட வேண்டாம் என்றது. தீர்வு கண்டுபிடித்து மீண்டும் விற்கத் தொடங்க அக்டோபர் ஆயிற்று. தொழிற்சாலைக்கே இந்த இணைப்பு இவ்வளவு நுணுக்கமானது என்றால், வெளியே வாங்கிய அலாய் வீலை எந்த நட்டையோ போட்டு மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் 120இல் பறப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எண்ணுவதை நிறுத்தியபோது

அமெரிக்காவின் நாஸ்கார் கார்ப்பந்தயத்தில் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஐந்து நட்டுகள் இருந்தன. டயர் மாற்றும்போது ஐந்தையும் மாட்டியிருக்கிறார்களா என்று அதிகாரிகள் நின்று பார்ப்பார்கள். 2015இல் கேமராக் கண்காணிப்பு வந்ததோடு இந்த எண்ணிக்கை வேலையை நிறுத்திவிட்டார்கள். சக்கரம் கழன்றால் பந்தயம் தோற்கும், ஆகவே அணிகளே பார்த்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு. அணிகள் பார்த்துக்கொண்டது நொடிகளைத்தான். ஐந்துக்குப் பதில் நான்கு, சில நேரம் மூன்று நட்டுகளோடு கார்கள் கிளம்பின. 2016 ஏப்ரலில் முன்னாள் சாம்பியன் டோனி ஸ்டூவர்ட் இதை வெளிப்படையாகக் கண்டித்தார். அவருக்கு 35,000 டாலர் அபராதம் விதித்தார்கள். சில நாட்களிலேயே ஐந்து நட்டும் கட்டாயம் என்று விதியையும் மாற்றினார்கள்.

அந்த அபராதம் அநியாயம். ஆனால் அந்நிகழ்வு காட்டும் உண்மை நமக்கு மிக வேண்டியது. தன் உயிரையே பணயம் வைத்து ஓட்டுபவரின் வண்டியில்கூட, மேலே ஒருவர் எண்ணிப் பார்க்காதபோது நட்டு குறைகிறது. ‘வண்டி ஓடினால்தான் பணம், ஆகவே முதலாளியே கவனமாக இருப்பார்’ என்ற நம்பிக்கையில் பொதுமக்களின் உயிரை ஒப்படைக்க முடியாது. அவசரமும் போட்டியும் இருக்கும் எந்தத் தொழிலிலும் கடைசி ஐந்து நிமிட வேலைதான் முதலில் பலியாகிறது.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 1995இன் முதல் சில மாதங்களுக்குள் இரண்டு பேர் தங்கள் காரில் போய்க்கொண்டிருக்கும்போது, லாரியிலிருந்து கழன்று வந்த சக்கரம் மோதி இறந்தார்கள். மாநிலமே கொந்தளித்தது. 1997இல் சட்டம் வந்தது: வணிக வண்டியிலிருந்து சக்கரம் கழன்றாலே குற்றம். 2,000 முதல் 50,000 கனடிய டாலர் வரை, அதாவது ஏறக்குறைய 30 லட்சம் ரூபாய் வரை அபராதம். ‘நாங்கள் வேண்டிய கவனம் எடுத்துக்கொண்டோம்’ என்று வாதாடித் தப்பிக்க இடமே கிடையாது. இதை எதிர்த்து லாரி நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. சிறைத்தண்டனை இல்லாததால் இது அடிப்படை உரிமையை மீறவில்லை என்று மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003இல் சட்டத்தை உறுதிசெய்தது.

நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு பழுதான வண்டியை ஓட்டுவதையும் ஓட்டச் செய்வதையும் தண்டிக்கிறது. ஆனால் அந்தப் பழுது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சாதாரணக் கவனம் செலுத்தியிருந்தால் தெரிந்திருக்கக்கூடியதாக இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகும் முதல் குற்றத்துக்கு அபராதம் 1,500 ரூபாய் வரைதான். விபத்து நடந்து யாருக்காவது காயமானால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம். நடைமுறையில் முதல் தகவல் அறிக்கையில் ஏறுவது ஓட்டுநரின் பெயர். காலையில் பணிமனையில் கொடுத்த வண்டியை வாங்கி ஓட்டியவர் அவர். முந்தைய இரவு அந்தச் சக்கரத்தை மாட்டியவர் யார் என்பதும், அவர் கையில் நிர்வாகம் என்ன கருவி கொடுத்திருந்தது என்பதும் வழக்கில் வருவதே இல்லை. ஒன்டாரியோவைப்போல வண்டியின் உரிமையாளரை, அது அரசே ஆனாலும், நேரடியாகப் பொறுப்பாக்கும் ஒரு பிரிவு நமக்கு வேண்டும். சக்கரத்தை மாட்டிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பச் சொல்லவில்லை. டார்க் ரெஞ்ச் வாங்கிக் கொடுக்காத நிர்வாகத்துக்கு வலிக்க வேண்டும் என்கிறேன்.

மத்தியச் சட்டம் மாறும்வரை தமிழ்நாடு காத்திருக்கத் தேவையில்லை. எட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் தங்கள் பணிமனைகளில் நாளையே தொடங்கலாம். சக்கரம் மாட்டியதும் தேதி, நேரம், முடுக்கிய அளவு, கிலோமீட்டர், மாட்டியவர், மறுபடி சரிபார்த்தவர் ஆகியவற்றைக் குறித்த ஒரு சீட்டு வண்டியோடு போகட்டும். பிரிட்டனில் லாரி, பேருந்து நட்டுகளின் மேல் அம்புக்குறிபோன்ற மஞ்சள் பிளாஸ்டிக் காட்டிகளைச் செருகியிருப்பார்கள். முடுக்கியதும் அவற்றை ஒன்றையொன்று பார்க்க வைத்துவிடுவார்கள். நட்டு திரும்பினால் அம்பும் திரும்பிவிடும். ஓட்டுநர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாலே தெரிந்துவிடும். திரும்பாமலே அழுத்தம் இழந்த நட்டை அது காட்டாது. ஆனாலும் இருட்டில் டார்ச் அடித்துப் பார்க்கும் ஓட்டுநருக்கு அது பெரிய உதவி. வணிக வண்டிகளுக்கு முதல் எட்டு ஆண்டுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் பிறகு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்கிறோம். அங்கே ஒரு சக்கரத்தையாவது கழற்றிப் பார்ப்பதும், டயர் கடைகளுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது டார்க் ரெஞ்ச் இருக்கிறதா என்று கேட்பதும் நடக்காத காரியங்கள் இல்லை.

சொந்தக் கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வண்டியின் கையேட்டில் வீல் நட்டுக்கான அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை எழுதி டிக்கியில் ஒட்டிவையுங்கள். பஞ்சர் போட்டாலும், அலைன்மென்ட் பார்த்தாலும், டயர் இடம் மாற்றினாலும் அந்த எண்ணைச் சொல்லி முடுக்கச் சொல்லுங்கள். ஓடும்போது ஸ்டியரிங் புதிதாக உதறினாலோ, மெதுவான வேகத்தில் ‘டக் டக்’ என்று சக்கரத்திலிருந்து சத்தம் வந்தாலோ வீடுவரை போய்ப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஓரங்கட்டி இறங்கிப் பாருங்கள். நட்டின் அடியிலிருந்து கதிர்போலத் துருக்கோடு வழிந்திருந்தால் அது தளர்ந்து ஓடிய அடையாளம். அப்படி ஓடிய சக்கரத்தை அப்படியே முடுக்கிவிட்டுக் கிளம்புவது ஆபத்து. ரிம்மின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம், போல்ட் விரிசல் விட்டிருக்கலாம். கழற்றிப் பார்க்க வேண்டும். ஒரு போல்ட் ஒடிந்திருந்தால் அதன் இரு பக்கத்துப் போல்ட்டுகளையும், இரண்டு ஒடிந்திருந்தால் அந்தச் சக்கரத்தின் எல்லா போல்ட்டுகளையும் மாற்றுவதே லாரித் தொழிலில் ஏற்றுக்கொண்ட நடைமுறை. ஒடிந்த ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லும் முதலாளியிடம் ஓட்டுநர்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்க வேண்டும்.